சேனை தொட்ட விரல்

பிறந்து ஐந்தே நாள். ஒரு மாத்திரைகூட வாயில் படவில்லை. அந்தச் சிசுவின் குடலில் மருந்துக்கு மசியாத கிருமி எப்படிக் குடியேறுகிறது?

ஆரத்தித் தண்ணீரைத் தெருமுனையில் ஊற்றிவிட்டுச் சித்தி உள்ளே வருவதற்குள் குழந்தை மூன்று கை மாறியிருந்தது. தேனிப் பக்கம் சித்தி வீடு. சித்தி மகளுக்கு சிசேரியன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கூடத்தில் பாய், பாய் மேல் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்ட விரிப்பு, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் அப்பத்தா, சங்கில் சீனித் தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில அந்த நர்சம்மா சேனை வைக்கவே விடல. இங்க எவ வந்து தடுக்கறான்னு பாப்போம்."

சேனை தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை. வீட்டில் முதல் ஆளாக அரசாங்க வேலைக்குப் போன தாய்மாமனுக்குத்தான் அந்த மரியாதை. மாமன் பைக்கை நிறுத்தினான். பெட்ரோல் போட்ட மிச்சச் சில்லறையைச் சட்டைப்பையில் திணித்தான். ஆள்காட்டி விரலை வேட்டியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சீனித் தண்ணியில் தோய்த்து, குழந்தையின் நாக்கில் வைத்தான். குழந்தை சப்பியது. "பாரேன், மாமன் விரல விடமாட்டேங்கிறான்!" கூடமே சிரித்தது. நானும்தான்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பிஸ்கட் டப்பா. எல்லா வீட்டிலும் இருக்குமே, அதே டப்பா. தலைவலித் தைலம், பாதி பிழிந்த களிம்பு, சர்க்கரை மாத்திரை, நடுவே ஒரு செஃபிக்ஸிம் அட்டை. பத்தில் ஆறு மீதி. சித்தப்பாவுக்குப் போன மாதம் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியது. ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டார். அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான கோடு அது.

குணம் விரல் வழியாகப் போகுமா என்பது எனக்குத் தெரியாது. கிருமி போகும். அந்த விரலையும் இந்த அட்டையையும் இணைக்கும் பாதைதான் இந்தக் கட்டுரை.

காலி வீட்டில் குடித்தனம்

பிறக்கும்போது சிசுவின் குடல் கிட்டத்தட்டக் காலி வீடு. சில மணி நேரத்தில் ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். தாயின் பிறப்புப் பாதையிலிருந்தும் மலத்திலிருந்தும் கொஞ்சம். தோலிலிருந்தும் பாலிலிருந்தும் கொஞ்சம். தூக்குபவர் கை, துடைக்கும் துணி, குளிப்பாட்டும் தண்ணீர், உரைமருந்து இழைக்கும் கல் என்று மீதி. முதல் பந்தியில் ஈ. கோலி, கிளெப்சியெல்லா வகையறா உட்காரும். அடுத்து, தாய்ப்பாலை நம்பி வாழும் பிஃபிடோபாக்டீரியம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஈ. கோலி நம் எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான். எந்த ஈ. கோலி என்பதில்தான் வினை.

பென்சிலினையும் அதற்குப் பிறகு வந்த செஃபலோஸ்போரின்களையும் வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கத் தெரிந்த வகைகள் இருக்கின்றன. மருத்துவமனைச் சீட்டுகளில் 'இ.எஸ்.பி.எல்.' என்று எழுதியிருப்பது இந்த நொதியைத்தான். அதைச் செய்யச் சொல்லும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் உட்கார்ந்திருக்கும். வகுப்பில் பிட்டுப் பேப்பர் கை மாறுவதுபோல ஒரு பாக்டீரியம் இன்னொன்றுக்கு அதைக் கொடுத்துவிடும்; வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று உலகெங்கும் அதிகம் காணப்படும் இந்த வகை மரபணு சி.டி.எக்ஸ்-எம்-15. முதன்முதலில் 2001-இல் அதை விவரித்த ஆய்வுக்கு மாதிரிகள் கிடைத்த ஊர் புதுடெல்லி.

ஆக, சிசு மருந்து சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாத்திரை விழுங்கியது ஒருவர், கிருமி தேறியது அவர் வயிற்றில், வந்து சேர்ந்தது இந்தக் குழந்தையிடம். டெல்லியில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே பார்த்தது. நேரடியாக ஆன்டிபயாடிக் எதுவும் பெறாத, ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்தைப் பிறந்ததிலிருந்து அறுபதாம் நாள் வரை சோதித்தார்கள். இ.எஸ்.பி.எல். கிருமிகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. அறுபது நாளில் அந்தக் குழந்தைகள் பார்த்த உலகம் என்ன? பெரும்பாலும் வீடுதான்.

வங்கதேசத்தின் மிர்ஸாபூர் கிராமப்புறத்தில், ஒரு வயதுக்குக் கீழ் நோய்நொடி இல்லாத குழந்தைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வயிற்றில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கு மசியாத ஈ. கோலி இருந்தது. அதே நாட்டில் மண் தரை வீடுகளில் தரையைச் சுரண்டி எடுத்த மண்ணிலும் அதே ரகக் கிருமிகள் கிடைத்தன. கோழி மேயும் முற்றம். அதில் தவழும் பிள்ளை. பிள்ளை வாயில் விரல். இதற்கு மேல் வரைபடம் தேவையில்லை.

மடகாஸ்கரில் பாஸ்டர் நிறுவனத்தார் பிறந்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். முதல் மாதத்துக்குள்ளேயே கிருமி குடியேறிய குழந்தைகளிடம் மூன்று விஷயங்கள் தூக்கலாகத் தெரிந்தன: எடை குறைந்த பிறப்பு, சிசேரியன், பிரசவ சமயத்தில் தாய்க்குக் கொடுத்த ஆன்டிபயாடிக். இவற்றில் பின்னிரண்டும் வீட்டு வாசற்படிக்கு வெளியே நடப்பவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

[பெட்டி] தாயிடம் எவ்வளவு, சேயிடம் எவ்வளவு?

வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் நடந்த 'பர்னார்ட்ஸ்' ஆய்வு 15,217 தாய்மார்களையும், ரத்தத் தொற்று அறிகுறியோடு வந்த 2,931 சிசுக்களையும் சோதித்தது. முடிவு 2022-இல் வெளியானது.

• சி.டி.எக்ஸ்-எம்-15 மரபணு: தாய்மாரில் 47.1%, சிசுக்களில் 56.1%

• என்.டி.எம். மரபணு (கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையும் செல்லாக்காசாக்குவது): தாய்மாரில் 4.6%, சிசுக்களில் 18.5%

இரண்டாவது வரியைத் திரும்பப் படியுங்கள். எல்லாமே தாயிடமிருந்துதான் வந்தது என்றால் நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது? கிருமிகளின் மரபணுவை முழுசாகப் படித்துப் பார்த்தபோது, குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையிலும் தாய்க்கும் சேய்க்கும் இடையிலும் அவை கை மாறுவது தெரிந்தது.

அப்பத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன்

இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் ஊரில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் 'சேனை வைக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள்' என்று ஒரு பட்டியல் சுற்றும். பிள்ளை பெற்றவள் மேல் இன்னும் நாலு கட்டளை ஏறும். சேனை கூடாது என்பது உண்மைதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லாத குழந்தை மருத்துவர் கிடையாது. மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, வாய்க்குள் விரல் விட்டு வழிப்பது, தொப்புளில் சாம்பல் வைப்பது, எல்லாமே நிறுத்த வேண்டியவைதான். ஆனால் அப்பத்தாவின் அப்பத்தாவும் இதே விரலால்தான் சேனை வைத்தாள். அன்றும் அந்த விரலில் கிருமி இருந்தது. பிள்ளைகள் செத்தும் போயின. அன்று இல்லாதது ஒன்றுதான்: மருந்தை வென்ற கிருமி. அதை அப்பத்தா உண்டாக்கவில்லை.

யார் உண்டாக்கினார்கள் என்று பார்த்தால் விரல் பல பக்கம் நீள்கிறது. முதலில் மெடிக்கல் ஷாப் கவுன்டர். செஃபிக்ஸிம் உட்பட முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை 'ஹெச்-1' பட்டியலில் சேர்த்து, சீட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. சித்தி வீட்டு டப்பாவில் இருந்த அட்டைக்கு எந்தப் பதிவேட்டில் கையெழுத்து? பக்கத்து மாநிலமான கேரளம் 2024 தொடக்கத்தில் 'அம்ரித்' என்ற பெயரில் கடை கடையாகத் திடீர்ச் சோதனை போட்டது. அப்படி ஒரு சோதனை இந்தத் தெருவுக்கு வந்ததாகக் கடைக்காரரும் சொல்லவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை.

அடுத்து கோழிப்பண்ணை. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

அதற்கடுத்து சாக்கடை. இங்கே சென்னைக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 மரபணு கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் கணக்கு இருந்தது. நாடாளுமன்றம் வரை சத்தம். சண்டை எதைப் பற்றி? கிருமியைப் பற்றியல்ல, அதன் பெயரில் 'நியூடெல்லி' ஏன் வந்தது என்பதைப் பற்றி. மறு ஆண்டு தாய் இதழான லான்செட்டின் ஆசிரியர் பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். அதே 2011-இல் இன்னொரு ஆய்வு டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் எடுத்துச் சோதித்தது: தேங்கிய நீரில் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீரில் 50-இல் இரண்டிலும் அந்த மரபணு. பெயர்ச் சண்டையில் செலவழித்த மூச்சில் கொஞ்சத்தை அந்த இரண்டு குழாய்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

கடைசியாக ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாம் பெருமைப்பட வேண்டிய எண். அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுக்கப் பார்த்தால் 21.5 தான். சிசேரியன் என்றால் கத்தி வைப்பதற்கு முன் தாய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி உண்டு. தாயின் உயிரைக் காக்கும் ஊசி அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேவையில்லாத சிசேரியன் ஒவ்வொன்றோடும் தேவையில்லாத ஓர் ஊசியும் வருகிறது. பிரிட்டனில் 596 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது: சிசேரியன் குழந்தைகளின் குடலில் தாயிடமிருந்து வர வேண்டிய பாக்டீரியாக்கள் குறைவு, மருத்துவமனைச் சூழலில் திரியும் கிளெப்சியெல்லா வகையறா அதிகம். காலி வீட்டில் யார் முதலில் சாமான் இறக்குகிறார்களோ அவர்களுக்கே மூலை சொந்தம்.

அதனால் 'வீட்டுத் தொற்று', 'ஆஸ்பத்திரித் தொற்று' என்று புத்தகத்தில் போடும் கோடு நம் வாழ்க்கையில் செல்லுபடியாவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டோடு கிருமியும் வீட்டுக்கு வருகிறது. வந்தது சும்மாவும் இருப்பதில்லை. நார்வேயில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் இ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லா பரவியது. வீட்டுக்குப் போன குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேர் குடலில் அது ஓராண்டுக்கும் மேல் தங்கியிருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் குழந்தையிடமிருந்து மற்றவர்களுக்குத் தாவியிருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் வெந்நீர் வரும் நாட்டில் இது. ஒரே வாளியில் பிள்ளைத் துணியை அலசி, அதே வாளியில் குளிக்கத் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் எவ்வளவு என்று யாரும் இன்னும் எண்ணவில்லை.

'பிள்ளை பால் குடிக்கல'

கிருமி குடலில் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே யாராவது கைக்குழந்தையின் மலத்தை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே சிரிக்கும், கவிழும், தவழும். ஒன்றும் ஆகாது. ஆபத்து, குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்தவர்களுக்கு. அவர்களின் குடல் சுவர் மெல்லிசு, எதிர்ப்புச் சக்தி மட்டு. குடலில் இருந்தது ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் அதற்குப் பெயர் செப்சிஸ்.

அது பெரிய ஆர்ப்பாட்டத்தோடு வருவதில்லை. பெரியவர்களுக்கு வருவதுபோல் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. சில குழந்தைகள் சில்லிட்டுப்போகும். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை மார்பைப் பிடிக்காது. கூப்பிட்டால் கண் திறக்காது. மூச்சு மேலும் கீழும் வாங்கும். 'பிள்ளை பால் குடிக்கல' என்று தாய் சொல்வதை 'செரிக்கலையா இருக்கும், கொஞ்சம் ஓமத்தண்ணி கொடு' என்று யாராவது தள்ளிப்போட்டால், போவது பொழுதல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் ஆம்பிசிலின், ஜென்டாமைசின். உலக சுகாதார நிறுவனம் பல்லாண்டுகளாகப் பரிந்துரைக்கும் ஜோடி. விலை மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் கிடைக்கும். கேட்கவில்லையென்றால் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். இ.எஸ்.பி.எல். கிருமி என்றால் அதுவும் வீண். அப்புறம் மெரோபெனெம். கிருமியிடம் என்.டி.எம். இருந்தால் அதுவும் வீண். அப்புறம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் கொலிஸ்டின். இந்தப் படிகளில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று சொல்ல வேண்டியது ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட். அது வர ரெண்டு மூன்று நாள் ஆகும். கல்ச்சர் பார்க்கும் வசதியே இல்லாத ஊரில் டாக்டர் இருட்டில்தான் படியேற வேண்டும்.

இருட்டு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 11 நாடுகளில் 19 மருத்துவமனைகளில், செப்சிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட 3,204 சிசுக்களை 2018 முதல் 2020 வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. அவர்களுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் கூட்டணிகளை எண்ணிப்பார்த்தால் 200-க்கும் மேல். ஒரே நோய்க்கு இருநூறு வைத்தியம் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: எது கேட்கும் என்று யாருக்கும் உறுதியில்லை. அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தது.

டெல்லிக் கணக்கு இன்னும் கசப்பு. மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன 13,530 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஏழில் ஒன்றுக்கு செப்சிஸ். மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே. கல்ச்சரில் கிருமி உறுதியான குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதி பிழைக்கவில்லை.

பிழைத்தவர்கள் கதையை யாரும் அதிகம் எழுதுவதில்லை. கிருமி மூளை உறைக்குப் போயிருந்தால் காது, பார்வை, வளர்ச்சி, ஏதாவது ஒன்றில் அடி விழலாம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகளுக்கே காதைத் தொடும் குணம் உண்டு. இரண்டு மூன்று வாரம் குழந்தை கண்ணாடிப் பெட்டியில், தாய் வராந்தாவில். பால் கட்டிக்கொள்கிறது, பிறகு வற்றிப்போகிறது. பால் வற்றினால் புட்டிப்பால், புட்டிப்பால் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பழையபடி கிருமி. சிகிச்சையிலேயே குடலின் நல்ல பாக்டீரியாக்களும் துடைத்தெறியப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்துக்கு முதலில் வருவது மறுபடியும் மருந்தைச் சமாளிக்கத் தெரிந்தவன்தான். இதற்கிடையில் தகப்பன் எந்த நகையை எந்தக் கடையில் வைத்தான் என்பது எந்த ஆய்வுத் தாளிலும் வராது.

[பெட்டி] சில எண்கள்

• 2022-இல் உலகில் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்த குழந்தைகள்: 23 லட்சம்.

• 2019-இல் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள்: 12.7 லட்சம் என்பது மதிப்பீடு. ஐந்தில் ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

• வருமானம் குறைந்த எட்டு நாடுகளை வைத்து 2020-இல் போட்ட கணக்கு: ஐந்து வயது முடிவதற்குள் ஒரு குழந்தைக்கு எழுதித் தரப்படும் ஆன்டிபயாடிக் சீட்டுகள் சராசரியாக 25.

• 2024-இல் உலக சுகாதார நிறுவனம் புதுப்பித்த ஆபத்தான பாக்டீரியாக்கள் பட்டியலில் உச்சியில் இருப்பது கார்பபெனெமுக்கு மசியாத கிளெப்சியெல்லா.

புது மருந்தா, தரைக்கு சிமென்ட்டா?

புது மருந்து வரும் என்று காத்திருப்பவர்களுக்குச் சின்னச் செய்தி ஒன்று இருக்கிறது. ஃபாஸ்ஃபோமைசின், ஃப்ளோமோக்ஸெஃப் போன்ற பழைய, மறந்துபோன மருந்துகளைப் புது ஜோடிகளாகச் சேர்த்துப் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை 2024-இல் தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் தொடங்கியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் போட்டுச் சிசுவைக் காக்கும் கிளெப்சியெல்லா தடுப்பூசிக்கும் வேலை நடக்கிறது. அது வந்தால் ஆண்டுக்குச் சுமார் 80,000 சிசு மரணங்கள் குறையலாம் என்று ஒரு கணக்கு. வரட்டும்.

எனக்கு அதிகம் சுவாரஸ்யமாகப் பட்டது மலிவான விஷயங்கள். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளை வைத்துப் பினாகி பாணிகிரஹி குழுவினர் செய்த சோதனை 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. பிறந்த சில நாளில் தொடங்கி ஒரே ஒரு வாரம், ஒரு நல்ல லாக்டோபேசிலஸ் ரகத்தையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் வாயில் கொடுத்தார்கள். செப்சிஸோ மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4-ஆகக் குறைந்தார்கள். காலி வீட்டில் நல்ல குடித்தனக்காரரை முதலில் ஏற்றிவிடும் யோசனை. ஆனால் இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஏதோ ஒரு 'புரோபயாடிக்' பாக்கெட்டை வாங்கிவராதீர்கள். அது எந்த ரகம், குறைமாதக் குழந்தைக்கு ஆகுமா என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை.

கங்காரு பராமரிப்பு அதைவிட மலிவு. எடை குறைந்த குழந்தையைப் பிறந்ததுமே தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துவிடுவது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில், முதல் 28 நாளில் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். 2021-இல் வந்த முடிவு. நல்ல சூடு, உடனே பால், அந்நியக் கைகள் குறைவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும் இதே ரகம்தான். ஆனால் அது இந்தியாவில் 41.8 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் கிடைக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

வங்கதேசத்தில் குடிநீர், கழிப்பறை, கைகழுவும் வசதி, சத்துணவு இவற்றைக் கிராமத்து வீடுகளுக்குச் செய்து கொடுத்து, அங்குள்ள பிள்ளைகள் எவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். 10 முதல் 14 சதவீதம் குறைந்தது. கென்யாவில் அதே முயற்சியில் பலன் தெரியவில்லை. மண் தரைக்கு சிமென்ட் பூசினால் பிள்ளை வயிற்றுக் கிருமி குறைகிறதா என்றும் வங்கதேசத்தில் ஒரு சோதனை நடக்கிறது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மாநாடுகளில் கொத்தனாரைப் பற்றிப் பேசும் நாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தர்மசங்கடமும் உண்டு. நைஜர் போன்ற நாடுகளில் கிராமத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசித்ரோமைசின் கொடுத்தபோது குழந்தை மரணம் குறைந்தது. நோய் இல்லாத பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது எதிர்ப்பை வளர்க்கும் என்பதும் நிஜம், அது உயிரைக் காப்பாற்றியது என்பதும் நிஜம். 'ஆன்டிபயாடிக்கைக் குறையுங்கள்' என்று ஏழை நாட்டுத் தாயிடம் சொல்வது சுலபம். அவள் பிள்ளைக்குத் தேவைப்படும்போது அது கிடைக்காமல் போவதும் அதே நாட்டில்தான் நடக்கிறது.

கைகழுவல்

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் சுமந்துகொண்டு இரண்டு வாரம் கழித்துச் சித்தி வீட்டுக்குப் போனேன். குழந்தை நன்றாக இருந்தான். கன்னம் வைத்திருந்தது. அப்பத்தா வழக்கம்போல மடியில் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உரைகல்லில் வசம்பு ஒரு ஓரமாக இருந்தது.

சொன்னேன். விரலில் தொடங்கி, குடல், கிருமி, மாத்திரை என்று எனக்குத் தெரிந்த அளவில். அப்பத்தா பாதி கேட்டார்.

"அப்ப பிள்ளையத் தூக்க வேணாங்கிறியா?"

"தூக்குங்க அப்பத்தா. கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க."

"இவ்வளவுதான? இதுக்கா இம்புட்டு நேரம்?"

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொல்லைப்புறம் போய்ச் சோப்பு டப்பாவைத் திறந்தார். குழாயைத் திருகினார். இரண்டு தும்மல், அப்புறம் காற்று. அங்கே தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும். அன்று மூன்றாவது நாள். அப்பத்தா அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த நீல ட்ரம்மின் மூடியை நகர்த்தினார். உள்ளே மிதந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் மக்கைச் சோப்பு நுரை படிந்த கையாலேயே எடுத்தார். கழுவிவிட்டு மக்கை மறுபடி ட்ரம்முக்குள் போட்டார். அது இரண்டு முறை ஆடிவிட்டு, மாமனும் சித்தப்பாவும் காலையில் முகம் கழுவிய அதே தண்ணீரில் மிதந்தது.

"கழுவிட்டேன். குடு" என்று ஈரக் கையை நீட்டினார்.